நூலகக் கணினியில் இணையம்: அந்த விதிகள் எல்லாம் எதற்கு?

மாவட்ட மைய நூலகத்திலோ உங்கள் பகுதிக் கிளை நூலகத்திலோ இணைய வசதி இருக்கிறதென்றால், கணினிகள் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஓர் அறிவிப்பும் ஒட்டியிருக்கும். அடையாள அட்டை காட்ட வேண்டும், பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவருக்கு இவ்வளவு நேரம்தான், பென் டிரைவ் செருகக் கூடாது, சினிமா பார்க்கக் கூடாது என்று நீளும். கல்லூரியில் கணினி பழகியவருக்கு இது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் வீட்டில் கணினி இல்லாமல், ஏதோ ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்க முதல்முறை வந்து நிற்கிறவர் இதைப் படித்துவிட்டு, நமக்கு எதற்கு வம்பு என்று அப்படியே திரும்பிப் போய், வெளியே கடையில் காசு கொடுத்து யாரிடமாவது போட்டுக்கொள்கிறார். அப்படி ஒருவரும் திரும்பிப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எந்த விதி எதற்காக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். எதற்கு ஒத்துப்போக வேண்டும், எதைக் கேட்டுப் பார்க்கலாம் என்பதும் புரிந்துவிடும்.

அதற்கு முன் ஒன்று. இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ கிடைக்கிறது என்பதால், யாரோ தயவு பண்ணுகிறார்கள் என்று கூச வேண்டாம். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி நம் தமிழ்நாட்டில் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கிறார்கள். இன்று அது சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. வாடகை வீட்டில் இருப்பவர் தரும் வாடகைக்குள்ளும் அந்தப் பத்துப் பைசா இருக்கிறது. அது உங்கள் நூலகம், உரிமையோடு உள்ளே போங்கள்.

சரி, விதிகளுக்கு வருவோம்.

பெரும்பாலான விதிகளுக்கு மூலகாரணம் ஒன்றுதான்: இணைய இணைப்பு நூலகத்தின் பெயரில் இருக்கிறது. நீங்கள் ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது அந்தத் தளத்துக்கு உங்கள் பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. எந்த இணைப்பிலிருந்து கேட்கிறார்கள் என்று காட்டும் ஓர் எண் போகும், அதைத்தான் ஐ.பி. முகவரி என்கிறார்கள். நூலகத்தில் பத்துக் கணினிகள் இருந்தாலும் அவை பொதுவாக ஒரே இணைப்பின் வழியாகத்தான் வெளியே போகின்றன, ஆகவே வெளியே இருப்பவருக்குப் பத்தும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். அந்த எண் யாருடையது என்று காவல்துறை இணைய நிறுவனத்திடம் கேட்டால் வருவது நூலகத்தின் பெயர்தான், உங்கள் பெயர் அல்ல. அந்தக் காலத்து எஸ்.டி.டி. பூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யாரோ அங்கிருந்து மிரட்டல் போன் செய்துவிட்டுப் போனால் விசாரணை முதலில் பூத்காரரிடம்தான் வரும்.

பதிவேடு இதனால்தான். எந்தக் கணினியில், எந்த நாளில், எத்தனை மணிக்கு யார் உட்கார்ந்தார் என்ற குறிப்பு இருந்தால்தான் நூலகர் பதில் சொல்ல முடியும். இன்னொன்றும் இருக்கிறது: செய்யாத தப்புக்கு உங்களைக் கேட்டால், அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருந்தவர் நீங்கள் இல்லை என்று காட்டுவதும் அதே பதிவேடுதான். அதனால் நேரத்தைச் சரியாக எழுதுங்கள், முக்கியமாக எழுந்து போகிற நேரத்தை. பலர் உள்ளே வரும்போது எழுதிவிட்டு வெளியேறும் நேரத்தை எழுதாமலே போய்விடுகிறார்கள், உங்களுக்குப் பின்னால் அதே கணினியில் உட்கார்ந்தவர் செய்ததும் அப்போது உங்கள் கணக்கில் நிற்கும்.

இந்த நடைமுறை நூலகங்கள் தாங்களாகக் கண்டுபிடித்ததும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் கீழ், இணைய மையங்களுக்கென்று 2011இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. அடையாளம் பார்க்காமல் யாரையும் உட்கார வைக்கக் கூடாது, பதிவேட்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும், எந்தெந்தத் தளங்கள் பார்க்கப்பட்டன என்ற விவரத்தையும் ஓராண்டு சேமிக்க வேண்டும், கணினிகளுக்கு நடுவே தடுப்பு வைத்தால் அதன் உயரம் நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. தொழிலாக நடத்தும் மையங்களை மனத்தில் வைத்து எழுதியது அது. நூலகம் அந்த வரையறைக்குள் வருமா என்று வாதாட இடம் உண்டு, ஆனால் பாதுகாப்புக்காக நூலகங்களும் ஏறக்குறைய அதே வழியில் போகின்றன. அந்த நாலரை அடியைக் கவனியுங்கள். திரையில் நீங்கள் பார்ப்பது அறையில் நடமாடுகிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஒழுங்குக்கு அது நல்லது. ஆனால் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டும் பின்னால் நிற்பவருக்குத் தெரியும் என்பதையும் மறக்காதீர்கள்.

அடையாள அட்டை என்றதும் எல்லோரும் ஆதாரை நீட்டுகிறோம். அந்த 2011 விதிகளிலேயே கல்லூரி, பள்ளி அடையாள அட்டை, வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, வேலை செய்யும் இடத்து அட்டை என்று பலவற்றையும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நூலக உறுப்பினர் அட்டையே போதும் என்று சொல்லும் இடமும் இருக்கும், முதலில் கேட்டுப் பாருங்கள். ஜெராக்ஸ் கேட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள், ஆதார் இணையதளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், அட்டையைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொள்வதே போதுமானது. ஊர்க்காரர்களின் ஆதார் நகல்களை ஒரு கோப்பில் கட்டி மேசைமேல் வைத்திருப்பது விதியை விடப் பெரிய தலைவலி.

நேரக் கட்டுப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கணினி குறைவு, ஆள் அதிகம், அவ்வளவுதான். ஆனால் அரை மணி நேரத்தில் விண்ணப்பத்தை முடிக்க முடியாமல் தவிப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும், ஏனென்றால் பாதி நேரம் தட்டச்சில் போவதில்லை, போட்டோவில் போகிறது. வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் போட்டோ 20இலிருந்து 50 கேபிக்குள், கையெழுத்து 10இலிருந்து 20 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். போனில் எடுத்த படமோ இரண்டு மூன்று எம்பி, அதாவது இரண்டாயிரம் மூவாயிரம் கேபி, இருக்கும், அதை ஏற்றும்போதெல்லாம் சிவப்பு எழுத்தில் பிழை வரும், நேரம் போய்க்கொண்டே இருக்கும். போட்டோவையும் கையெழுத்தையும் வீட்டிலேயே போனில் அளவு குறைத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். சான்றிதழ் எண், மதிப்பெண், சாதிச் சான்றிதழ் தேதி எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஓடிபி வரும் சிம் எந்தப் போனில் இருக்கிறதோ அந்தப் போன் கையில் இருக்கட்டும், அண்ணன் எண்ணைக் கொடுத்துவிட்டு அவர் வேலையில் இருக்கும் நேரத்தில் போன் போட்டு ஓடிபி கேட்பது பெரிய பாடு. அப்படியும் நேரம் முடியப் போகிறதென்றால் கடைசி நிமிடம் வரை காத்திருக்காமல் நூலகரிடம் போய், "ஐயா, பணம் கட்டுற பக்கத்துல நிக்குது, பத்து நிமிஷம் மட்டும்" என்று சொல்லுங்கள். பணம் கட்டும் இடத்தில் பாதியில் எழுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியும்.

பென் டிரைவ் ஏன் கூடாது? ஒரு டிரைவில் வந்த வைரஸ் அந்தக் கணினியில் ஒட்டிக்கொண்டு, அடுத்தடுத்துச் செருகும் எல்லா டிரைவுக்கும் போய்விடும். கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி, உள்ளே இருந்தவை காணாமல் போனதைப் பலர் பார்த்திருப்பீர்கள். தடை நூலகத்தைக் காப்பதைவிட உங்கள் டிரைவைத்தான் அதிகம் காக்கிறது. கோப்பை மின்னஞ்சலிலேயே அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் கணினியை அணைத்துப் போட்டால் அன்று சேர்ந்ததெல்லாம் அழிந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும்படி மென்பொருள் போட்டிருப்பார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் நீங்கள் டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டு நாளைக்கு வந்து எடுக்கலாம் என்று விட்டுப் போன கோப்பும் அதோடு போய்விடும்.

அப்புறம், ஒரு தளத்தைத் திறந்தால் "தடை செய்யப்பட்டுள்ளது" என்று வருவது. இதற்கு வடிகட்டி என்று பெயர். ஆபாசத் தளங்களைத் தடுக்கப் போடுவது, அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. சிக்கல் என்னவென்றால் வடிகட்டிக்குப் புத்தி கிடையாது. சொல்லையோ பட்டியலையோ பார்த்துத் தடுப்பதால், மார்பகப் புற்றுநோய் பற்றியோ மாதவிடாய் பற்றியோ தேடுகிறவரும் சில நேரம் மாட்டிக்கொள்வார். அமெரிக்காவில் இதற்காக உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. இணையத்துக்காக மத்திய அரசின் சலுகையையோ நிதியையோ பெறும் நூலகங்கள் வடிகட்டி போட்டே ஆக வேண்டும் என்று 2000இல் அங்கே ஒரு சட்டம் வந்தது, அமெரிக்க நூலகச் சங்கம் அதை எதிர்த்து வழக்குப் போட்டது, 2003 ஜூனில் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பில் பெரிய பங்கு வகித்தது ஒரு விஷயம்: வயது வந்த ஒருவர் வந்து கேட்டால் நூலகர் தடையை எடுத்துவிடலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. எனக்கு அது மிகவும் பிடித்த ஏற்பாடு. கதவைப் பூட்டலாம், ஆனால் சாவியோடு ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நம் ஊர் நூலகத்தில் அப்படி எழுதி வைத்திருக்க மாட்டார்கள்தான், ஆனாலும் கேட்பதில் தப்பில்லை. வாய்விட்டுச் சொல்லக் கூச்சமான விஷயமென்றால் தளத்தின் முகவரியை ஒரு சீட்டில் எழுதி, இது திறக்கவில்லை, பார்த்துச் சொல்லுங்கள் என்று கொடுத்துவிட்டு வாருங்கள். குறிப்பாகப் பெண்கள் இந்த இடத்தில்தான் பேசாமல் எழுந்து போகிறார்கள், போகாதீர்கள். ஆனால் தடையைத் தாண்ட வி.பி.என். போடுவது, பிராக்ஸி தளம் வழியாகப் போவது என்று வேறொருவர் கணினி வழியாகச் சுற்றிப் போகிற வேலையெல்லாம் வேண்டாம். அந்த இலவசப் பிராக்ஸி தளங்களை நடத்துவது யாரென்றே தெரியாது, நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டு உட்பட எல்லாம் அவர்கள் வழியாகத்தான் போகும்.

விதி என்பதைத் தாண்டிச் சட்டமே குற்றம் என்று சொல்கிற விஷயங்களும் சில இருக்கின்றன. குழந்தைகளைப் பாலியல் நோக்கில் காட்டும் படங்களைப் பரப்புவது மட்டும் இல்லை, தேடுவதும் இறக்குவதுமே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம், முதல்முறையே ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் பத்து லட்சம் வரை அபராதமும் விதிக்க முடியும். இன்னொருவரின் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது 66சி பிரிவு, மூன்று ஆண்டுகள் வரை. புதுப் படத்தைத் திருட்டுத்தனமாக இறக்குவது பதிப்புரிமைச் சட்டப்படி தப்பு என்பதோடு, அந்த ஒரு படத்துக்காக அறையில் இருக்கும் அத்தனை பேருடைய இணையமும் ஊர்ந்து போகும். முன்னால் உட்கார்ந்தவர் தன் மின்னஞ்சலை மூடாமல் போயிருந்தால் என்ன செய்வது? படிக்காதீர்கள், வெளியேறு என்பதை அழுத்துங்கள், நூலகரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாளைக்கு அந்த இடத்தில் நீங்கள் இருக்கலாம்.

இனிமேல் சொல்லப்போவது பெரும்பாலும் அறிவிப்பில் இருக்காது, ஆனால் இதுதான் ரொம்ப முக்கியம்.

அடிக்கடி நடப்பது இது. ஹால் டிக்கெட் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், பிரிண்ட் எடுக்க வேண்டும். கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்து, போனால் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து, பிரிண்ட் போட்டு, தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தை எக்ஸ் அடித்து மூடிவிட்டுக் கிளம்புவார்கள். பக்கம் மூடினால் வாட்ஸ்அப் மூடியதாக அர்த்தமில்லை. அடுத்தவர் அதே தளத்தைத் திறந்தால் உங்கள் வீட்டுக் குழுவும் தோழியிடம் பேசியதும் அப்படியே திரையில் வரும். முன்பெல்லாம் போனில் இணையம் இருந்தால்தான் கணினியில் வாட்ஸ்அப் ஓடும், இப்போது அப்படி இல்லை, போன் உங்களோடு வீட்டுக்குப் போய் அணைந்து கிடந்தாலும் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும். எழுந்திருக்கும் முன் வாட்ஸ்அப் வெப்பில் மூன்று புள்ளியை அழுத்தி லாக் அவுட் செய்யுங்கள். மறந்து வந்துவிட்டாலும் பரவாயில்லை, போனில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் மூன்று புள்ளி மெனுவிலோ செட்டிங்ஸுக்குள்ளோ லிங்க்டு டிவைசஸ் என்று இருக்கும், அதில் அந்தக் கணினி தெரியும், அதைத் தொட்டு லாக் அவுட் கொடுத்தால் வீட்டிலிருந்தே துண்டித்துவிடலாம்.

இன்னொன்று, ஜிமெயிலைத் திறப்பதும் குரோம் பிரவுசருக்குள்ளேயே உங்கள் கணக்கைச் சேர்ப்பதும் வேறு வேறு. ஜிமெயிலுக்குள் போகும்போது, குரோமிலும் இந்தக் கணக்கைச் சேர்க்கலாமா என்கிற மாதிரி ஒரு பெட்டி வரும், நாமும் அவசரத்தில் சரி கொடுத்துவிடுவோம். கொடுத்தால் உங்கள் போனில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும் அந்தப் பொதுக் கணினிக்கு வந்து இறங்க வாய்ப்பு இருக்கிறது. பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்டாலும் அதே பதில்தான், வேண்டாம்.

இந்த இரண்டுக்கும் சுலபமான வழி, உட்கார்ந்தவுடன் மறைநிலைச் சாளரத்தைத் திறந்துகொள்வது. குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கருப்பாக ஒன்று திறக்கும். அதில் செய்த வேலை முடிந்து அந்தச் சாளரங்களை எல்லாம் மூடிவிட்டால் உள்நுழைவும் பார்த்த தளங்களின் வரலாறும் அந்தக் கணினியில் தங்காது. ஆனால் இறக்கிய கோப்புகள் தங்கும். டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து பாருங்கள், உங்கள் ஆதார், மதிப்பெண் சான்றிதழ், போட்டோ எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும், யாருடையதோ ஏற்கெனவே கிடந்தாலும் ஆச்சரியம் இல்லை. உங்களுடையதை மட்டும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டோடு டெலீட் அழுத்தினால் குப்பைத் தொட்டிக்குப் போகாமல் நேராக நீங்கும். மறைநிலை என்ற பெயரைப் பார்த்து யாருக்குமே தெரியாது என்று நம்பிவிடாதீர்கள். இணைப்பை வைத்திருக்கும் நூலகத்துக்கும் இணைய நிறுவனத்துக்கும் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரிய முடியும், கருப்புச் சாளரம் திறக்கும்போதே குரோம் அதை எழுதிக் காட்டுகிறது, நாம்தான் படிப்பதில்லை.

வங்கி வேலையைப் பொதுக் கணினியில் செய்யவே வேண்டாம் என்பேன். அழுத்தும் ஒவ்வொரு எழுத்தையும் யாராவது பதிவு செய்யும்படி மென்பொருள் ஏற்றி வைத்திருந்தால் நமக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டுமென்றால், திரையில் வரும் கியூஆர் குறியை உங்கள் போனில் ஸ்கேன் செய்து யுபிஐயில் கட்டுங்கள். பின் எண் உங்கள் போனுக்குள்ளேயே இருக்கும்.

சொந்தப் போனிலோ மடிக்கணினியிலோ நூலக வைஃபையைப் பயன்படுத்தினால் இந்தக் கவலைகள் பாதிக்கு மேல் கிடையாது. பொது வைஃபை என்றாலே ஆபத்து என்று பயமுறுத்துகிறார்கள், அது கொஞ்சம் பழைய பேச்சு. இன்று பெரும்பாலான தளங்களின் முகவரி https என்றுதான் தொடங்குகிறது, அப்படிப்பட்ட தளத்தில் நீங்கள் அடிப்பதை நடுவில் இருப்பவர் படிக்க முடியாது. பார்க்க வேண்டியது ஒன்றுதான், நூலகத்தின் பெயரிலேயே வேறு யாராவது ஒரு வைஃபை வைத்திருக்கலாம். அதனால் சரியான பெயரை நூலகரிடம் கேட்டுவிட்டு இணையுங்கள், இணைந்ததும் வரும் பக்கம் உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டைக் கேட்டால் உடனே வெளியே வாருங்கள்.

பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு: சிறுவர்களை மறைப்புக்குள் தனியாக உட்கார வைக்கக் கூடாது என்று அந்த 2011 விதிகளிலேயே இருப்பதால், பெரியவர் ஒருவர் கூட வரச் சொல்வார்கள். முதல் சில முறை நீங்களே பக்கத்தில் உட்காருங்கள். நூலகர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார் என்று விட்டுப் போனால், அவர் புத்தகமும் கொடுக்க வேண்டும், பத்துத் திரையையும் பார்க்க வேண்டும், அது அவருக்கு நியாயமில்லை.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஏதாவது நடந்துவிட்டால், சொந்தப் போனிலிருந்து முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், கூகுள் கணக்கில் உங்கள் சாதனங்கள் என்ற பகுதிக்குப் போய்த் தெரியாத கணினியை நீக்குங்கள். பணம் போயிருந்தால் யோசித்துக்கொண்டிருக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு. நூலகரிடமும் சொல்லுங்கள், அதே கணினியில் அடுத்தவர் உட்கார்ந்துகொண்டிருப்பார்.

கடைசியாக, ஒரு விதி உங்கள் ஊருக்குப் பொருந்தவே இல்லை என்றால் அதை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். தேர்வு விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில் மட்டும் நேரத்தைக் கூட்டுங்கள், அறிவிப்பைப் பெரிய எழுத்தில் தமிழில் வையுங்கள், எழுந்திருக்கும் முன் லாக் அவுட் செய்யுங்கள் என்று ஒவ்வொரு திரைக்கும் மேலே ஒரு சீட்டு ஒட்டுங்கள் என்று குறிப்பாக எழுதுங்கள். நூலகரிடம் கொடுக்கலாம், வாசகர் வட்டம் இருந்தால் அதன் கூட்டத்தில் பேசலாம், அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு மனு. நான்கு வாசகர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.